சளிக்குக் கஷாயம்: எது இதம் தரும், எது ஆபத்தில் விடும்?

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் சிரப் தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரியில் டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத பொருள் அது. சிரப்பில் பயன்படுத்தும் கரைப்பானில் இந்த நச்சு கலந்து உயிர்கள் போவது முதல் முறையும் அல்ல. 1972-இல் சென்னையிலேயே இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

சிந்த்வாரா மரணங்களைத் தொடர்ந்து மத்திய சுகாதாரத் துறை ஓர் அறிவுரையை வெளியிட்டது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரக் கூடாது. 5 வயது வரைக்கும் பொதுவாக இவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றது அது. சரி, சிரப் வேண்டாம் என்றால் இரவெல்லாம் இருமும் குழந்தைக்கு என்னதான் கொடுப்பது? பல வீடுகளில் இதற்குக் கிடைத்த பதில் பாட்டி வைத்தியம். சுக்குக் காபி, துளசிக் கஷாயம், மஞ்சள் பால், தேன், ஆவி பிடித்தல், தைலம், மூக்கில் எண்ணெய் விடுதல் என்று எல்லாமே ‘இயற்கையானது, கெடுதல் செய்யாது’ என்ற ஒரே பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தன.

இவை எல்லாம் ஒன்றல்ல. சில உண்மையாகவே இதம் தருகின்றன, சில பலனும் தராது கெடுதலும் செய்யாது, இன்னும் சில குழந்தையின் உயிரைக் கூடப் பறிக்கக் கூடியவை. பிரித்துப் பார்க்க, முதலில் சளி பிடித்தால் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜலதோஷம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

1. ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றில் பெரும்பங்கு ரைனோவைரஸ் வகை. மூக்கின் உள்சவ்வில் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கிய ஒன்று முதல் மூன்று நாட்களில் அறிகுறிகள் தென்படும்.

2. நாம் படும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை வைரஸ் நேரடியாகத் தருவதில்லை, அதை எதிர்க்கும் நம் உடலே தருகிறது. மூக்கின் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்கினால் மூக்கடைப்பு. சுரப்பிகள் அதிகமாகச் சுரந்தால் மூக்கொழுகல். நரம்பு நுனிகள் கூசினால் தும்மலும் தொண்டைக் கரகரப்பும்.

3. இரண்டாம், மூன்றாம் நாளில் தொல்லை உச்சத்தைத் தொடும். பிறகு தானாகவே குறைந்து 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம்.

4. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் பாக்டீரியா தொற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதில் பயனில்லை; வைரஸை அந்த மருந்துகள் தொடுவதேயில்லை.

மூன்றாவது புள்ளியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள், தொல்லை தாங்காத கட்டத்தில்தான் நாம் வைத்தியம் தேடுகிறோம். அன்றைக்கு எதைக் குடித்தாலும் நான்காம் நாள் கொஞ்சம் தேவலை என்றுதான் இருக்கும். குடித்த பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடும். ‘எங்கள் வீட்டில் இதைக் குடித்தால் ஒரே நாளில் கேட்கும்’ என்ற நம்பிக்கைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான். கடை மருந்துக்கும் இது பொருந்தும். பல சளி மாத்திரைகளில் மூக்கடைப்பு நீங்க என்று சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின் வாய்வழி எடுத்தால் பலன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் நிபுணர் குழு 2023-இல் ஒருமனதாகச் சொன்னது. அதற்கு முன் அந்த மருந்தைப் பல ஆண்டுகளாக மக்கள் நம்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கஷாயத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ‘சளியைக் குணமாக்குமா’ என்பதல்ல. சளியை உடலே குணமாக்கிக்கொள்ளும். அந்த ஒரு வாரத்தில் தொண்டைக்கும் மூக்குக்கும் தூக்கத்துக்கும் அது உதவுகிறதா, உதவும்போது வேறெங்காவது கெடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

சூடாகக் குடிப்பதன் பலன்

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருந்தது. அதன் இயக்குநர் ரான் எக்கிள்ஸ் 2008-இல் எளிய சோதனை ஒன்றின் முடிவை வெளியிட்டார். சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழரசப் பானம் சூடாகவும், அறை வெப்பத்திலும் கொடுக்கப்பட்டது. சூடாகக் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டைவலி, குளிர் உணர்வு, அசதி எல்லாமே குறைந்ததாகச் சொன்னார்கள், அதுவும் உடனடியாக. ஆறிய பானம் முதல் மூன்றைத் தணித்தது, தொண்டைவலியையும் குளிரையும் அசதியையும் தணிக்கவில்லை. ஆனால் கருவி வைத்து மூக்கு வழியே போகும் காற்றின் அளவைப் பார்த்தால் எந்தப் பானத்திலும் மாற்றமில்லை.

இந்த முடிவை ‘அப்போ எல்லாம் மனசுதான்’ என்று தள்ளுவது தவறு. இதம் என்பதே உணரப்படும் ஒன்று, தொண்டைவலியும் அப்படித்தான். சூடும் இனிப்பும் உறைப்பும் புளிப்பும் வாயில் உமிழ்நீரை ஊறவைக்கின்றன, தொண்டையில் ஒரு மெல்லிய படலம் படர்கிறது, விழுங்குவது எளிதாகிறது. காய்ச்சலில் இழந்த நீரும் உள்ளே போகிறது. சளியில் சோறு இறங்காதவருக்கு ஒரு டம்ளர் மிளகு ரசம் இறங்குவது சின்ன விஷயமல்ல.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது: கஷாயத்தின் பலனில் பெரிய பங்கு அதன் சூட்டுக்கும் நீருக்கும் சுவைக்கும் உரியது. எத்தனை மூலிகை சேர்த்தோம் என்பது இரண்டாம் பட்சம். 15 பொருள் போட்டு, வாயில் வைக்க முடியாதபடி கசக்கச் செய்து, அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றுவதைவிட வெதுவெதுப்பான பருப்புத் தண்ணீரை அது விரும்பிக் குடிப்பது மேல். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும் அபாயமும் உண்டு.

அடுப்படிப் பொருட்கள் ஒவ்வொன்றும்

சுக்கும் மிளகும்: பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, அதற்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு இஞ்சியைவிட ‘சுள்’ளென்று ஏறுவது இதனால்தான். இந்தக் காரப் பொருட்களும் மிளகில் உள்ள பிப்பெரினும் சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பிகளைத் தூண்டுகின்றன. விளைவு, மூக்கில் நீர் இறங்கும், கெட்டிச் சளி இளகும், மூக்கு திறந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனால் படுக்கப் போகும் முன் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய உதவி. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் காரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சுக்குக் காபி போட, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, தனியா ஒரு தேக்கரண்டி, மிளகு நாலைந்து, கருப்பட்டி தேவைக்கு. ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரையே. அதைத் தவிர்த்தாலும் சுக்கு மல்லி நன்றாகவே இருக்கும்.

மஞ்சள் பால்: மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஆயிரம் செய்திகள் வருகின்றன. மஞ்சள்தூளில் அது சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகு சேர்த்தால் உறிஞ்சல் 20 மடங்கு கூடும் என்று மேற்கோள் காட்டப்படுவது பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் கொடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின். ஒரு டம்ளர் பாலில் நாம் போடும் சிட்டிகை மஞ்சளில் அதன் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மஞ்சள் பால் குடியுங்கள், சூடான பால் தொண்டைக்கு நல்லது. நோய் எதிர்ப்புச் சக்தியை அது ஏற்றிவிடும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம்.

ஆடாதொடை: நாட்டு மருந்துகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது இது. இதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவானது. அது உடலுக்குள் மாறிக் கிடைக்கும் பொருள்தான் ஆம்ப்ராக்ஸால். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று அடிக்கடி இருக்கும். ஆக, ஆடாதொடைக் கஷாயம் வெறும் நம்பிக்கை அல்ல, மருந்தேதான். மருந்து என்றால் பக்க விளைவும் உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடவே கூடாது. வேலியோரத்தில் பறித்த இலையில் மருந்தளவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சித்த மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு, நாமே பத்து இலையைக் கொதிக்க வைப்பது வேறு.

அதிமதுரம்: தொண்டைக்கு இதமானது, இனிப்பானது. அந்த இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரு துண்டை இரண்டு மூன்று நாள் வாயில் அடக்கிக்கொள்வதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் விலக்கி வைப்பதே சரி. கடையில் கிடைக்கும் பல கஷாயப் பொடிகளில் அதிமதுரம் இருக்கிறது, அட்டையைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

துளசி, கற்பூரவள்ளி, வெற்றிலை, ஓமம், தூதுவளை எல்லாம் வாசனையும் சுவையும் தந்து கஷாயத்தைக் குடிக்கத் தூண்டுகின்றன. ஓமத்திலும் கற்பூரவள்ளியிலும் உள்ள வாசனைப் பொருட்கள் சோதனைக் குழாயில் கிருமிகளைக் கொல்கின்றன என்பதை வைத்து, மூக்கில் இருக்கும் வைரஸையும் கொல்லும் என்று முடிவுகட்ட முடியாது. தூதுவளைத் துவையலோ ரசமோ சோற்றோடு இறங்கட்டும், அது உணவு.

தேன்: ஆதாரம் வலுவானது, ஆனால் வயது முக்கியம்

வீட்டு வைத்தியங்களில் இருமலுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உள்ளது தேனுக்குத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இரவில் படுக்கும் முன் ஒரு வேளை தேன் கொடுத்த குழந்தைகளுக்கு இருமல் குறைந்தது, தூக்கம் மேம்பட்டது. கடையில் விற்கும் இருமல் அடக்கியான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் ஒன்றும் கொடுக்காததைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, ஒன்றும் கொடுக்காமல் விடுவதைவிடத் தேன் நல்லது என்றே சொன்னது.

அளவு: ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரைத் தேக்கரண்டி, பெரிய குழந்தைகளுக்கு ஒரு தேக்கரண்டி. கொதிக்கும் கஷாயத்தில் கொட்டத் தேவையில்லை, அப்படியே நக்கக் கொடுக்கலாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஒரு சொட்டுகூட, நாக்கில் தடவக்கூட. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நம் குடல் அவற்றை வளரவிடாது. பச்சிளம் குடலில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். குழந்தையின் தசைகள் தளர்ந்து, அழுகை மெலிந்து, பால் குடிக்க முடியாமல், கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுபோகலாம். சுத்தமான மலைத் தேன் என்பதாலோ காய்ச்சிய தேன் என்பதாலோ இந்த ஆபத்து நீங்காது. வித்துகள் சாதாரணக் கொதிநிலையைத் தாங்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் அன்பை மதித்துக்கொண்டே இதை உறுதியாக மறுக்கலாம்.

எந்த வழியாக உள்ளே போகிறது?

பாட்டி வைத்தியத்தில் பெரிய விபத்துகள் பெரும்பாலும் குடிக்கும் கஷாயத்தில் நடப்பதில்லை. மூக்கில் விடுவது, முகர வைப்பது, ஆவி பிடிப்பது, செறிவான எண்ணெய்களைக் கொடுப்பது, இவற்றில்தான் நடக்கின்றன. ஒரு பொருள் என்ன என்பதைப் போலவே, எந்த வழியாக எந்த வயதில் போகிறது என்பதும் முக்கியம்.

1. மூக்கில் எண்ணெய் விடுதல். குளிப்பாட்டும்போது பச்சிளம் குழந்தையின் மூக்கில் நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் கிராமங்களில் மட்டுமல்ல, நகரங்களிலும் உள்ளது. தண்ணீர் போனால் குழந்தைக்கு இருமல் வந்து வெளியே தள்ளும். எண்ணெய் அந்த இருமலைக் கிளப்பாமலேயே வழுக்கி நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே அது கரையாமல் தங்கி உண்டாக்கும் நிமோனியா ஆறுவது கடினம், ஆன்டிபயாடிக்குக்கும் கேட்காது.

2. கற்பூரம், நீலகிரித் தைலம். கற்பூரத்தை விழுங்கினாலோ, சிறு குழந்தையின் உடலில் தாராளமாகத் தடவினாலோ வலிப்பு வரலாம். நீலகிரித் தைலம் சில மில்லி லிட்டர் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு ஆபத்து. முகர்ந்ததாலேயே வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். துணியில் கற்பூரம் முடிந்து தொட்டிலில் கட்டுவதும், சுடு எண்ணெயில் கற்பூரம் போட்டு மார்பில் தேய்ப்பதும் பச்சிளம் குழந்தைகளுக்கு வேண்டாம். கடையில் விற்கும் மார்புத் தைலங்களின் அட்டையிலேயே 2 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். மூக்கு ஓட்டைக்குள் எந்த வயதிலும் தடவக் கூடாது.

3. ஆவி பிடித்தல். பெரியவர்களுக்கு மூக்கு இளகிய இதம் கிடைக்கலாம். ஜலதோஷத்தின் நாட்களைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிலையான சான்று இல்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன குழந்தைகளோ தீக்காயப் பிரிவுகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு வேது பிடிக்காமல், கதவைச் சாத்திய குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டால் போதும். பெரியவர்களும் பாத்திரத்தைக் கட்டிலிலோ மடியிலோ வைக்காமல் தரையிலோ மேசையிலோ அசையாமல் வைக்க வேண்டும். 2021 கொரோனா இரண்டாம் அலையில் பொது இடங்களில் கூட்டாக ஆவி பிடிக்க ஏற்பாடுகள் நடந்தபோது, தொற்று பரவும் என்று தமிழக அரசே அதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

4. சாம்பிராணிப் புகை. குளித்த குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்கப் போடுகிறோம். ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாயை எந்தப் புகையும் இன்னும் உறுத்தும். வீசிங் உள்ள குழந்தைக்கு இது நேரடிக் கெடுதல். தலையைத் துவட்டினாலே போதும்.

5. உரை மருந்தும் வெளிப் பொருட்களும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் என்று கல்லில் உரைத்துச் சங்கில் ஊற்றும்போது அளவுக் கட்டுப்பாடும் இல்லை, சுத்தமும் உறுதியில்லை.

உப்பும் தண்ணீரும்

இதில் பெருமை பேச ஒன்றுமில்லாததாலோ என்னவோ, யாரும் உப்புத் தண்ணீரைப் பெரிதாகப் பகிர்வதில்லை. நியாயமாக அது முன்வரிசையில் இருக்க வேண்டும். ஜப்பானில் 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சும்மா தண்ணீரால் தினமும் வாய் கொப்பளித்தவர்களுக்கே ஜலதோஷம் வருவது குறைந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், உப்பு நீரால் மூக்கைக் கழுவித் தொண்டையையும் கொப்பளித்த பெரியவர்களுக்கு ஜலதோஷம் ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே தீர்ந்தது. அதே குழு குழந்தைகளுக்கு உப்பு நீர்ச் சொட்டுகள் கொடுத்துப் பார்த்து 2024-இல் சொன்னதும் இதே திசையில்தான்: சராசரியாக 8 நாளுக்குப் பதில் 6 நாள். வைரஸோடு மோதும் நாட்களையே குறைத்ததாகச் சான்று காட்டும் வீட்டு வைத்தியம் இதுபோல் வேறொன்றைச் சொல்வது கடினம்.

கொப்பளிக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. பச்சிளம் குழந்தைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தே பாதுகாப்பானது. பால் குடிக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டால் அடைப்பு விலகிப் பால் குடிக்கும். வீட்டில் மூக்கைக் கழுவும் பெரியவர்கள் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபாத் தொற்றைக் கேரளம் 2025-இல் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலும் தயிரும் வாழைப்பழமும்

பால் சளியைக் கட்டும் என்று நிறுத்திவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் 1990-இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர்களுக்கு ரைனோவைரஸைச் செலுத்தி, அவர்கள் குடித்த பாலின் அளவையும் வெளிவந்த சளியின் எடையையும் அளந்து பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. பால் உமிழ்நீரோடு கலந்து கொஞ்ச நேரம் கெட்டியாக உணர்த்துவதைத்தான் சளி என்று நினைக்கிறோம். காய்ச்சலில் மெலியும் குழந்தைக்குப் பாலையும் தயிரையும் பழத்தையும் நிறுத்துவது இருக்கும் சத்தையும் பறிப்பதுதான்.

எப்போது கஷாயத்தை வைத்துவிட்டு ஓட வேண்டும்

ஜலதோஷம் போலத் தொடங்கி நிமோனியாவாக மாறுவதை மூச்சின் வேகம் காட்டிக்கொடுக்கும். குழந்தை அழாமல், தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். உலக சுகாதார அமைப்பு தரும் எல்லைகள்:

1. 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
2. 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
3. 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த எண்ணைத் தொட்டால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் சோர்ந்து விழுந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி, குறைந்துவிட்டுத் திரும்பி வரும் காய்ச்சல் இருந்தால் அதே விதி. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள். போகும்போது வீட்டில் கொடுத்த கஷாயம், தைலம், பொடி எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பொடி என்றால் பாக்கெட்டையே கையோடு எடுத்துப் போங்கள்.